பூட்டும் காலணிகள்: பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

காலணிக் கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம் நாம் வழக்கமாகக் கேட்பவை இரண்டே கேள்விகள்தான். என்ன அளவு, என்ன விலையில் வேண்டும்? வீட்டுச் செருப்பு, பள்ளிக்கூட ஷூ, அலுவலக ஷூ, ஓட்டப் பயிற்சி ஷூ ஆகிய எதுவாக இருந்தாலும் இந்த இரண்டு கேள்விகளில் வியாபாரம் முடிந்துவிடும். காலில் போட்டுக்கொண்ட மாத்திரத்தில் அது முழுமையான சரக்கு.

ஆனால் ஒரு ரகக் காலணி இந்தக் கணக்கில் அடங்காது. சைக்கிள் பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூ, பனிச்சறுக்குக் கட்டையில் பூட்டிக்கொள்ளும் பூட், பனிச்சக்கரத் தகட்டோடு சேர்ந்த பூட், படகுக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும் துடுப்புக்காரர் ஷூ ஆகியவை அந்த ரகம். இவை ஒவ்வொன்றும் பாதிச் சரக்குதான். மீதிப் பாதி வாடிக்கையாளரின் சைக்கிளிலோ கருவியிலோ இருக்கிறது. இரண்டு பாதியும் பொருந்தாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த ஷூவும் அட்டைப் பெட்டியிலேயே கிடக்கும். அரைகுறையாகப் பொருந்தினாலோ அதைவிட மோசம், வாங்கியவர் கால் முறியும்.

நமது ஊர்களிலும் விடியற்காலையில் நெடுஞ்சாலைகளில் பந்தய சைக்கிள் ஓட்டுகிற இளைஞர்களும் நடுத்தர வயதினரும் பெருகியிருக்கிறார்கள். "கிளீட் ஷூ இருக்கிறதா?" என்று கேட்டு அவர்கள் கடை ஏறுகிறார்கள். காலணிக் கடைக்காரர் அதைச் சைக்கிள் கடைச் சரக்கு என்கிறார். சைக்கிள் கடைக்காரர் காலணிக் கடைச் சரக்கு என்கிறார். இரு தரப்பாருக்கும் பயன்படட்டும் என்ற எண்ணத்தில், காலணி மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் இந்தச் சரக்கின் உள் விவரங்களை எழுதுகிறேன்.

வார் போட்டுக் கட்டிய காலம்

சைக்கிள் பந்தயக்காரர் காலைப் பெடலோடு ஏன் கட்ட வேண்டும்? பெடல் சுற்றும் வேகத்தில் சாதாரண ஷூ வழுக்கி நழுவும். நழுவாமல் ஒரே இடத்தில் நின்றால்தான் காலின் பலம் வீணாகாமல் சக்கரத்துக்குப் போகும். அதற்காகப் பல பத்தாண்டுகள் பயன்பட்டது ஓர் இரும்புக் கூண்டும் ஒரு தோல் வாரும்தான். ஷூவின் முனையைக் கூண்டுக்குள் நுழைத்து வாரை இழுத்து இறுக்குவார்கள். ஷூவின் அடியில் பள்ளம் வெட்டிய ஒரு சிறு கட்டை ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். அந்தப் பள்ளம் பெடலின் விளிம்பில் உட்காரும்.

அந்தக் கட்டைக்குத்தான் கிளீட் என்று பெயர். அதை எங்கே அடிப்பது என்று கண்டுபிடிக்க அக்காலத்தவர் கையாண்ட முறை நம் ஊர்த் தொழிலாளர்களின் கைப்பக்குவத்தை நினைவூட்டுவது. புது ஷூவைக் கட்டை இல்லாமலே சில நாள் ஓட்டச் சொல்வார்கள். பெடலின் தடம் தோல் அடியில் பதியும். அந்தத் தடத்தைப் பார்த்து ஆணியடிப்பார்கள்.

இந்த ஏற்பாட்டில் பிடிப்புக்குக் குறைவில்லை. குறை விடுவதில்தான் இருந்தது. வண்டியை நிறுத்தும் முன் குனிந்து கையால் வாரைத் தளர்த்த வேண்டும். திடீரென்று விழ நேர்ந்தால் வண்டியோடு சேர்ந்தே விழ வேண்டியதுதான். 1971-ல் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் வாரே இல்லாத ஒரு பெடலைக் கொண்டுவந்தது. அதிலும் காலை எடுக்கக் கையால் ஒரு நெம்புகோலைத் தள்ள வேண்டியிருந்தது. உடும்புப் பிடியாகப் பிடித்தது, விடத் தெரியவில்லை. ஆகவே அது பரவவில்லை.

பனிமலையிலிருந்து வந்த யோசனை

விடை கிடைத்தது சைக்கிள் தொழிலில் அல்ல, பனிச்சறுக்குத் தொழிலில். அதற்கு அங்கே ஒரு கட்டாயம் இருந்தது. பனிச்சறுக்கில் விழும்போது நீளமான கட்டை ஒரு பக்கம் திரும்பும், உடம்பு இன்னொரு பக்கம் திரும்பும். இடையில் மாட்டிய கீழ்க்கால் எலும்பு முறியும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வாழ்ந்த யால்மார் வாம் என்ற வீரருக்கு 1937-ல் கால் முறிந்தது. அளவுக்கு மேல் முறுக்கு விழுந்தால் பூட்டைத் தானே விட்டுவிடும் பிடிப்பானை அவர் உருவாக்கி, 1939-ல் அதற்கு உரிமம் பெற்றார். பிற்காலத்தில் வந்த பாதுகாப்புப் பிடிப்பான்களுக்கு அது முன்னோடி.

பிரான்சின் நெவேர் நகரில் இருந்த லுக் என்ற நிறுவனமும் பனிச்சறுக்குப் பிடிப்பான் செய்து பெயரெடுத்ததுதான். அந்நிறுவனம் தனக்குத் தெரிந்த வித்தையைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்து 1984-ல் ஒரு பெடலை வெளியிட்டது. ஷூவின் அடியில் மூன்று திருகுகளால் இறுக்கிய முக்கோண வடிவப் பிளாஸ்டிக் கட்டை. பெடலில் அதைக் கவ்வும் ஸ்பிரிங். மேலிருந்து மிதித்தால் "டக்" என்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். கையே தேவையில்லை. ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். மறு ஆண்டு, 1985-ல், பெர்னார் இனோ இந்தப் பெடலில் மிதித்துத் தமது ஐந்தாவது டூர் டி பிரான்ஸ் பட்டத்தை வென்றார். அதற்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே பந்தயக்காரர்கள் வாரைக் கைவிட்டார்கள்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய வாரும் காலை நன்றாகத்தான் பிடித்தது. புதுச் சரக்கு வென்றது, விட வேண்டிய நேரத்தில் விட்டதால்தான்.

மூன்று துளை, இரண்டு துளை

பந்தயக்காரருக்கு இது போதும். சாதாரண மனிதருக்கு ஒரு சங்கடம் இருந்தது. அடியில் பெரிய பிளாஸ்டிக் கட்டை துருத்திக்கொண்டிருக்கும் ஷூவோடு நடக்க முடியாது. வழவழப்பான தரையில் வழுக்கும். ஜப்பானின் சகாய் நகரத்து ஷிமானோ நிறுவனம் 1990-ல் இதற்கு வேறு வழி கண்டது. கட்டையைச் சிறிதாக்கி, எஃகில் செய்து, இரண்டு திருகுகளால் பொருத்தி, ரப்பர் அடியில் பள்ளம் விட்டு அதற்குள் ஒளித்துவிட்டது. எஸ்.பி.டி. என்று அதற்குப் பெயர். மலைப்பாதைச் சைக்கிளுக்காக வந்த இது, இறங்கி நடக்க வேண்டிய எல்லாருக்கும் ஏற்றதாயிற்று.

இன்று சந்தையில் உள்ள சைக்கிள் ஷூக்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைக்குள் அடங்கும். மூன்று துளை என்றால் சாலைப் பந்தயம். இரண்டு துளை என்றால் மலைப்பாதை, நெடும்பயணம், அன்றாட ஓட்டம். நான்கு துளையில் ஸ்பீட்பிளே என்ற வகையும் உண்டு.

இங்கேதான் கடைக்காரர் ஏமாறும் இடம் இருக்கிறது. ஷூவில் துளை பொருந்தினால் பெடலும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. லுக் நிறுவனத்தின் பழைய டெல்டா கட்டை, அதன் பிற்காலத்துக் கியோ கட்டை, ஷிமானோவின் எஸ்.பி.டி.-எஸ்.எல். கட்டை ஆகிய மூன்றையும் ஒரே மூன்று துளை ஷூவில் திருகலாம். ஆனால் ஒன்றுக்கான பெடலில் மற்றொன்றைப் பூட்ட முடியாது. இரண்டு துளை ஷூவிலும் இதே கதைதான். ஷிமானோ கட்டை வேறு, கிராங்க் பிரதர்ஸ் கட்டை வேறு. ஷூ பொது, கட்டை பெடலுக்கே உரியது.

என்னிடம் சரக்கு எடுக்கும் வெளியூர்ச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், வேறொரு மொத்தக் கடையில் இருபது ஜோடி மூன்று துளை ஷூ வாங்கி வைத்தார். விலை மலிவு. அவர் ஊரில் சைக்கிள் ஓட்டுபவர்களோ பெரும்பாலும் இரண்டு துளைப் பெடல்காரர்கள். வந்தவர்கள் எல்லாம் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துப் போனார்கள். ஷூவில் எந்தக் குறையும் இல்லை. ஊர்ப் பெடலை விசாரிக்காமல் செய்த கொள்முதலில்தான் குறை. அவர் முதலீடு ஒன்றரை ஆண்டு முடங்கியது.

ஷூவின் உடற்கட்டு

சாதாரண ஓட்டப் பயிற்சி ஷூவைக் கையில் எடுத்தால் முன்பக்கம் வளைய வேண்டும். வளையாத ஷூவை வாடிக்கையாளர் ஒதுக்குவார். சைக்கிள் ஷூவில் இது நேர்மாறு. அடி வளையவே கூடாது. மிதிக்கிற பலம் முழுவதும் ஒரு சிறு கட்டையின் வழியாகப் போகிறது. அடி வளைந்தால் பலமும் வீணாகும், கட்டை இருக்கும் இடம் மட்டும் உள்ளங்காலைக் குத்தி எரிச்சலும் எடுக்கும். ஆகவே தோலும் மரமும் போய் நைலான் வந்தது. நைலானுக்கு மேல் விலையில் கார்பன் இழை வந்தது. நெடுந்தூரம் ஓட்டுகிற சாதாரணக்காரருக்கு நைலான் அடியே போதும். பெட்டியில் கார்பன் என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி எல்லாருக்கும் தலையில் கட்டுவது நல்ல வியாபாரம் ஆகாது.

அடுத்தது குதிகால் கிண்ணம். விடுவிக்கும் வேலையைக் குதிகால்தான் செய்கிறது. குதிகால் ஷூவுக்குள் தளர்ந்திருந்தால், கால் திரும்பும், ஷூ திரும்பாது, பூட்டு விடாது. ஆகவே குதிகால் பகுதி கெட்டியாகவும் பிடிப்பாகவும் இருக்க வேண்டும். அதே சமயம் விரல்களுக்கு இடம் வேண்டும், வெயிலில் நீண்ட நேரம் மிதிக்கும்போது பாதம் சற்று வீங்கும். நம்மவர்களில் பலருக்கு முன்பாதம் அகலம். ஐரோப்பியக் கட்டையில் தைத்த குறுகலான ஷூவை எண் பார்த்து மட்டும் கொடுத்தால் திரும்பி வரும்.

மேல்பகுதியை இறுக்க லேஸ், வெல்க்ரோ, பக்கிள் என்று மூன்று இருந்தன. 2001 முதல் நான்காவதாகத் திருகுக் குமிழ் சேர்ந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தொடங்கிய போவா நிறுவனம், மெல்லிய எஃகுக் கம்பியைக் குமிழில் சுற்றி இறுக்கும் முறையை முதலில் பனிப்பலகை பூட்டுகளுக்குக் கொடுத்தது. பிறகு அது சைக்கிள் ஷூவுக்கும் வந்தது. ஓட்டிக்கொண்டே ஒரு விரலால் இறுக்கலாம் என்பது அதன் சௌகரியம்.

வண்ணத்தில் உள்ள சூட்சுமம்

ஆரம்பத்தில் வந்த கட்டைகள் காலை அசையவிடாமல் ஒரே கோணத்தில் நிறுத்தின. மனிதர் முழங்கால் இயந்திரம் அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் சிறிது உள்ளேயும் வெளியேயும் அசையும். அசைய இடமில்லாமல் பலருக்கு மூட்டுவலி வந்தது. ஆகவே பூட்டு விடாமலே சில பாகை திரும்பும்படி கட்டைகளைச் செய்தார்கள். எத்தனை பாகை என்பதை வண்ணத்தால் காட்டினார்கள்.

ஷிமானோ எஸ்.பி.டி.-எஸ்.எல். கட்டையில் மஞ்சள் என்றால் 6 பாகை, நீலம் என்றால் 2 பாகை, சிவப்பு என்றால் அசைவே இல்லை. லுக் கியோ கட்டையில் கறுப்பு என்றால் அசைவு இல்லை, சாம்பல் 4.5 பாகை, சிவப்பு 9 பாகை. அதாவது ஒரு நிறுவனத்தின் சிவப்பு இறுக்கத்துக்கு அடையாளம். இன்னொன்றின் சிவப்பு தளர்வுக்கு அடையாளம். "எனக்குச் சிவப்புக் கட்டை கொடுங்கள்" என்று ஒருவர் கேட்டால், எந்த நிறுவனப் பெடல் என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கலாகாது. புதிதாகப் பழகுபவருக்கு ஷிமானோவில் மஞ்சள்தான் ஏற்றது.

பொருத்துவதிலும் கவனம் வேண்டும். கட்டை, கட்டைவிரல் மூட்டுக்கும் சுண்டுவிரல் மூட்டுக்கும் இடைப்பட்ட பகுதியின் கீழே அமைய வேண்டும். திருகின் மரையில் சிறிது கிரீஸ் தடவி, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கும்படி ஷிமானோ சொல்கிறது. இரண்டு துளைக் கட்டையில் ஒரு திருகு கழன்று விழுந்தால், மிச்சமிருக்கும் ஒரு திருகைச் சுற்றிக் கட்டை சுழலும். குதிகாலை எவ்வளவு திருப்பினாலும் ஷூ மட்டும் திரும்பும், பூட்டு விடாது. எங்கள் பகுதியில் ஓர் இளைஞர் போக்குவரத்து விளக்கில் இப்படித்தான் நின்ற இடத்தில் சாய்ந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். விற்ற கடையில் திருகைக் கையால் மட்டும் முடுக்கிக் கொடுத்திருந்தார்களாம். நின்ற வண்டியில் விழுந்தார் என்பதால் தப்பினார். பின்னால் பேருந்து வந்திருந்தால் என்னாவது?

பனிச்சறுக்கு பூட் கற்பிக்கும் பாடம்

பனிச்சறுக்கு பூட் நம் கடைச் சரக்கு அல்ல. குல்மார்க், ஔலி, மணாலி போகிறவர்களும் பெரும்பாலும் அங்கேயே வாடகைக்கு எடுப்பார்கள். இருந்தாலும் அந்த வியாபாரம் ஒழுங்குபட்ட விதம் நாம் அறியத்தக்கது.

ஆதியில் அவையும் லேஸ் கட்டும் தோல் பூட்டுகளே. நனைந்தால் ஊறும், தளரும். 1960-களில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துக்காரரான பாப் லாங்கே பிளாஸ்டிக் ஓட்டில் பூட் செய்து விற்றார். இன்று வெளியே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே கழற்றக்கூடிய மெத்தை, மேலே பக்கிள்கள் என்பதே பொது அமைப்பு. வட இத்தாலியின் மோன்டெபெல்லூனா வட்டாரம் இத்தொழிலுக்குப் பெயர்போனது. அதே வட்டாரத்து மாசெர் ஊரில்தான் 1960-ல் டினோ சிக்னோரி தொடங்கிய சிடி நிறுவனமும் இருக்கிறது. மலையேற்ற பூட்டில் ஆரம்பித்துச் சைக்கிள் ஷூவில் உலகப் பெயர் பெற்ற நிறுவனம் அது.

பூட்டை ஒருவர் செய்வார், பிடிப்பானை இன்னொருவர் செய்வார். இரண்டும் பொருந்த வேண்டும் என்பதற்காக ஐ.எஸ்.ஓ. 5355 என்ற தரஅளவு உள்ளது. பெரியவர்களுக்கான பூட்டில் முன்பக்க உதடு 19 மில்லிமீட்டர், குதிகால் உதடு 30 மில்லிமீட்டர் கனம், ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருக்கலாம். பூட் அடியின் நீளம் மில்லிமீட்டரில் ஓட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஒருவரின் எடை, உயரம், வயது, அவர் சறுக்கும் வேகம், இந்த அடி நீளம் ஆகியவற்றை அட்டவணையில் பார்த்து, எவ்வளவு விசையில் பூட்டு விட வேண்டும் என்பதைக் கடைப் பணியாளர் கணக்கிட்டுத் திருகுவார். ஐம்பது வயதைக் கடந்தவருக்கு ஒரு படி குறைத்து வைக்க வேண்டும். இந்த ஒழுங்கு வந்த பிறகு கீழ்க்கால் எலும்பு முறிவுகள் பெருமளவு குறைந்தன. முழங்கால் தசைநார் அறுவது மட்டும் அப்படிக் குறையவில்லை; எல்லாத் திருக்கத்தையும் பிடிப்பானால் உணர முடியாது.

தரஅளவு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதையும் அங்கேயே பார்க்கலாம். பூட்டின் விறைப்பைக் காட்ட 90, 100, 130 என்று எண் போடுகிறார்கள். அது ஒவ்வொரு நிறுவனத்தின் சொந்த எண். ஒருவரின் 100-ஐ இன்னொருவரின் 100-ஓடு ஒப்பிட முடியாது. சமவெளிப் பனிச்சறுக்கில் 1927-ல் நார்வேக்காரர் புரோர் வித் உருவாக்கிய ரோட்டஃபெல்லா பிடிப்பானிலிருந்து 75 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொது அளவு வளர்ந்தது. ரோட்டஃபெல்லா என்றால் எலிப்பொறி. பிறகு 1980-களில் இரண்டு நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு முறைகளைக் கொண்டுவந்தன. கடைக்காரர்கள் ஒவ்வொரு அளவிலும் இரண்டு வகை இருப்பு வைக்க நேர்ந்தது. பின்னாளில் அவற்றில் ஒன்றான சாலமன் நிறுவனமே எதிராளியின் அளவுக்குப் பொருந்தும் சரக்கைச் செய்தது. உற்பத்தியாளர்களின் போட்டிக்கு இருப்புச் செலவு கொடுப்பவர் வியாபாரி.

இன்னும் இரண்டு உதாரணம்

பனித்தளத்தில் சக்கரம் போலச் சறுக்கும் வேக வீரர்களின் பூட்டில் தகடு முழுவதுமாக ஒட்டியிருப்பதே முன்பு வழக்கமாக இருந்தது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் ஒன்றில் வான் இங்கன் ஸ்கெனாவ் என்ற பேராசிரியர் தலைமையில் ஆய்ந்தவர்கள், குதிகாலைத் தகட்டிலிருந்து விடுவித்து, முன்பாதத்தின் கீழே ஒரு கீல் வைத்தார்கள். குதிகால் எழும்பினாலும் தகடு பனியிலேயே இருக்கும். காலை முழுமையாக நீட்டித் தள்ளலாம். 1996-97 பருவத்தில் நெதர்லாந்து வீராங்கனைகள் இதை அணிந்து ஓடினர். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் பழைய சாதனைகள் சரிந்தன. பாதியை விட்டதால் வேகம் கூடியது.

படகுப் போட்டியில் ஷூ படகோடு திருகப்பட்டிருக்கும். வீரர் வெறுங்காலோடு வந்து அதில் காலை நுழைப்பார். படகு கவிழ்ந்தால் கால் உடனே வெளியே வர வேண்டும். அதற்காகக் குதிகாலை அளவுக்கு மேல் எழும்பவிடாமல் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். காலை இழுத்தால் ஷூ கூடவே வராமல் கயிறு தடுக்கும், கால் மட்டும் கழன்றுவிடும். சென்னையில் அடையாற்றில் 1867 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் போட் கிளப் போன்ற இடங்களில் துடுப்புப் பழகுபவர்களுக்கு இது உயிர்க்கயிறு.

கடைக்காரர் செய்ய வேண்டியவை

ஒன்று: காலின் அளவைக் கேட்கும் முன் பெடலின் பெயரைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் கைப்பேசியில் படம் எடுத்து வரச் சொல்லுங்கள்.

இரண்டு: நடந்து திரிவாரா, ஓட்டம் மட்டுமா என்று கேளுங்கள். நடப்பவருக்கு இரண்டு துளை.

மூன்று: பெரும்பாலான ஷூப் பெட்டியில் கட்டை இருக்காது, பெடல் பெட்டியில்தான் இருக்கும். இதை விற்கும்போதே சொல்லிவிட்டால் மறுநாள் சச்சரவு இல்லை.

நான்கு: கட்டை தேயும் சரக்கு. தேய்ந்தால் பிடிப்பும் கெடும், விடுப்பும் கெடும். ஷூ வாங்கியவரே கட்டைக்கு மறுபடி வருவார். அதை இருப்பில் வைப்பவரிடம்தான் அடுத்த ஷூவும் வாங்குவார்.

ஐந்து: பூட்டிக் கொடுத்தவுடன் அனுப்பாதீர்கள். ஸ்பிரிங்கைத் தளர்வாக வைத்து, சுவரைப் பிடித்தபடி இருபது முறை மாட்டிக் கழற்றச் சொல்லுங்கள். பத்து நிமிடம் ஆகும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு திருகுகளை மறுபடி இறுக்க வரச் சொல்லுங்கள்.

இந்தப் பத்து நிமிடத்துக்குப் பில்லில் இடம் இல்லை. ஆனால் இணையத்தில் நூறு ரூபாய் குறைவாக விற்பவரால் கொடுக்க முடியாததும் இந்தப் பத்து நிமிடம்தான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இந்தச் சரக்கில் காலை விடுபவர் நமது வாடிக்கையாளர். ஆழத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது கடையில் நிற்கும் நாம்.